கிரகண முகாம் அத்தை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. கொரோனா வருவதற்கு முந்தைய டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, திண்டுக்கல்லில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது.
2. அன்றைக்குச் செம்பட்டி ரோட்டில் ஒரு தென்னந்தோப்பில் நடந்த முகாமுக்கு என் அக்காவும் நானும் போனோம்.
3. மஞ்சள் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் அக்கா நிறுத்தி வைத்த உலக்கை விழாமல் நின்றது.
4. பள்ளிக்கூட நாளிலிருந்து சாப்பிட்டு வந்த வலிப்பு மாத்திரையை அக்கா அன்றோடு விட்டாள்.
5. தை முடிவதற்குள் அவளுக்கு வலிப்பு வந்தது. அப்போது அவள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.
6. முகாமை நடத்தியவர் அவளிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை.

ஆறாவது வரி உண்மை. நான் அங்கேயே, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலையைப் பிறகு எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ‘நிறுத்து’ என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம்கூட அகப்படவில்லை. சின்ன வயதிலிருந்தே அவரை எனக்குத் தெரியும் என்பதால், அது அகப்படாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் எங்கள் தெருக்காரர். எங்களுக்கு நாலு வீடு தள்ளி, தன் வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தார். அம்மா அவரை மதினி என்று கூப்பிடுவார், அதனால் எங்களுக்கு அத்தை. உறவு எதுவும் கிடையாது. மெலிந்த உடம்பு, சன்னமான குரல், மேலெல்லாம் கொடைக்கானல் தைல வாசனை. பேசும்போது எதிரிலிருப்பவரின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொள்வார், நாடி பார்ப்பதுபோல. விரல்கள் எப்போதும் லேசாக ஈரமாக இருக்கும். ஒரு கேள்வி கேட்பார். பிறகு காத்திருப்பார். அவர் அளவுக்குக் காத்திருக்கத் தெரிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. எதிரிலிருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் எதையாவது சொல்லித் தொலைப்பார். அது அத்தை நினைத்ததாகவே இருக்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது இடுப்பு வரைக்கும் முடி. புருவம் திருத்திக்கொள்ளப் போன அம்மாவோடு பார்லருக்குப் போயிருந்தேன். அம்மா நடுவில் பால் வாங்க எழுந்து போனார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தலை பாரமாக இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேர்க்குமே என்றார். வேர்க்கும் என்றேன். அப்போ என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். வெட்டிரலாம் என்று சொன்னேன். அம்மா பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தபோது என் முடி தரையில் கிடந்தது.

“பாப்பாவே கேட்டுச்சு மதினி. நான் ஒண்ணும் சொல்லல.”

அம்மா வீடு வரைக்கும் என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தார். அந்த முடி சவுரிக்குப் போயிற்று என்று அக்கா பிற்பாடு கண்டுபிடித்துச் சொன்னாள்.

பார்லரில் வேலைக்கு இருந்த அய்யலூர்ப் பெண்ணையும் அத்தை வேலையைவிட்டுப் போகச் சொன்னதில்லை. முகத்துக்கு ஆவி பிடிக்கும் மிஷின் ஒருநாள் வேலை செய்யவில்லை. யார் போட்டு உடைத்தது என்று அத்தை கேட்கவே இல்லை. உனக்கு இந்த வேலை பிடிக்குதா, மனசு எங்கேயோ இருக்கிற மாதிரி இருக்கே, ஊர் ஞாபகமா என்று மட்டும் நாள் தவறாமல் கேட்டார். அந்த வாரக் கடைசியில், நான் நின்னுக்கிறேன்க்கா என்று அவளே சொன்னாள். அத்தை அழுதார். அவளுக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்துப் பேருந்து நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். தெருவே அத்தையின் மனசைப் பற்றிப் பேசியது.

அவருடைய கணவர் கறி சாப்பிடுவதை விட்டதும் அப்படித்தான். அவராவே விட்டுட்டார் என்று அத்தை சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில், கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அப்பா பார்த்திருக்கிறார். அப்பாவைக் கண்டதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டாராம். “ஏய்யா, களவாடுனவன் மாதிரி நிக்கிற? உக்காந்து தின்னுய்யா” என்று அப்பா சொன்னதற்கு, “வீட்டுல சொல்லிராதீங்கண்ணே, நானாத்தான் விட்டேன்” என்றாராம். அப்பா இதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் கருவியியல் படித்து முடித்து, மருத்துவமனைகளில் ஈ.சி.ஜி., மானிட்டர் வகையறாக்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போன காலத்தில், பார்லர் பலகை இறங்கிவிட்டிருந்தது. முதலில் மூலிகை முகப்பூச்சு வந்தது. பிறகு மண் குளியல். பிறகு அத்தை எங்கோ பத்து நாள் வகுப்புக்குப் போய், சாயம் போடாத பருத்திச் சேலையில் திரும்பி வந்தார். செம்பட்டி ரோட்டில் யாருடைய தோப்பையோ எடுத்துக்கொண்டார். அங்கே வருபவர்கள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னாரா என்றால், இல்லை. கட்டணமும் கேட்டதில்லை. உங்களுக்கு இதன் மதிப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு. ஆறாம் வகுப்பில் பிரேயரில் விழுந்தவள், அன்றிலிருந்து காலையும் இரவும் மாத்திரை. அதற்குப் பிறகு ஒருமுறைகூட விழவில்லை. ஆனாலும் வந்த வரன்களெல்லாம் அந்த மாத்திரை டப்பாவைக் கேள்விப்பட்டதும் நின்றன. மறைத்துவிடலாம் என்றார் அம்மா. அக்கா பொய் சொல்ல மாட்டாள். அது அவளுடைய பிடிவாதம். கார்த்திகையில் ஒட்டன்சத்திரத்திலிருந்து, காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம் கேட்டு வந்தது. பையனின் படத்தை அக்கா தன் போனில் வைத்துக்கொண்டாள். இதற்கு முன்னால் எந்தப் படத்தையும் அவள் வைத்துக்கொண்டதில்லை. தையில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மாத்திரை இல்லாதவளாகிவிட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அத்தைக்கு அது தெரியும். அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொல்வார்.

முகாமின் பெயர் ஆதிக்குடி மருத்துவக் கிரகண தியானம். மெழுகிய தரையில் பாய்கள் விரித்திருந்தார்கள். கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்களில் வந்திருந்தவர்கள் வெறுங்காலோடு நடந்து, கல் குத்துவதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குங்கிலியப் புகை கண்ணைக் கரித்தது. ஒருவர் பறை மாதிரி ஒன்றை, தாளம் என்று எதுவும் இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முதியவரை உட்கார வைத்திருந்தார்கள். ஆதிக்குடி வைத்தியர் என்று சொல்லி, சிறுமலையிலிருந்து வண்டி வைத்து அழைத்து வரப்பட்டவர். சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்தில் ஏதோ கொட்டை மாலை போட்டிருந்தார்கள். மார்கழிக் குளிரில் அவருக்கு உடம்பு புல்லரித்திருந்தது.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டீ கிடைக்குமா தாயி என்று கேட்டார். கிரகணம் முடியும்வரை அடுப்பு கிடையாது என்று சொன்னேன்.

“கெரகணத்தன்னிக்கு நாங்க வீட்ட விட்டே வெளிய வரமாட்டம் தாயி. வண்டி அனுப்புனாக. வந்தேன்.”

சூரியனில் கடி விழத் தொடங்கியதும் அத்தை எழுந்து நின்றார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்காவை முன்னால் கூப்பிட்டு, முதியவரிடம் அவளுக்கிருக்கும் நோயைச் சொன்னார். முதியவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். மெதுவான குரலில், “வலிப்புக்கு ஆசுபத்திரிதான் தாயி. மருந்த விட்றாத” என்றார். மைக் அத்தையிடம் இருந்தது. முன்னால் இருந்த எனக்கும் அக்காவுக்கும் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

அத்தை கூட்டத்தைப் பார்த்து, தாத்தா சொன்னது காதுக்குக் கேட்டதா என்றார். இல்லை என்று தலையாட்டினார்கள். மனசுக்கு என்ன கேட்டது என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நம்பிக்கை என்றார் ஒருவர். மண் என்றார் இன்னொருவர். பெங்களூர்க்காரப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே, பயப்படாதேன்னு கேட்டுச்சு என்றாள். முதியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு உலக்கை. எங்கள் பக்கத்தில் கிரகணம் பிடித்தால் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். கிரகணம் இருக்கும்வரை அது நிற்கும், விட்டதும் விழும் என்பது நம்பிக்கை. உலக்கையின் அடியில் மாட்டிய பூண் தட்டையாக இருந்தால், தரையும் சமமாக இருந்தால், எந்த நாளிலும் நிற்கும் என்பது நான் அறிந்தது. தோப்பில் வரிசையாகத் தாம்பாளங்கள் வைத்திருந்தார்கள். எல்லா உலக்கையும் ஒரே கடையில் வாங்கியது, பூண் பளபளவென்று இருந்தது.

கீரனூரிலிருந்து வந்த ஒரு விவசாயி, சர்க்கரை வியாதிக்காரர், முதலில் நிறுத்தினார். விழுந்தது. மறுபடி நிறுத்தினார். விழுந்தது. அத்தை அவர் மணிக்கட்டில் விரலை வைத்து, ஏன் விழுதுன்னு நெனைக்கிறீங்க என்று கேட்டார். மனிதர் வெகுநேரம் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம் மனசு சுத்தமில்லீங்க போல” என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தாம்பாளத்துக்கு அடியில் தென்னை வேர் ஒன்று புடைத்திருந்தது. நான் அதைச் சத்தமாகவே சொன்னேன். தாம்பாளம் சாய்ந்திருக்கிறது, ஒரு சாண் தள்ளி வைத்தால் நிற்கும் என்றேன்.

அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீங்களா, எஞ்சினியர் பாப்பாவே சொல்லிருச்சு. சாஞ்சிருக்குன்னு.”

கூட்டம் ‘ஆமாம்’ என்பதுபோல முனகியது. விவசாயி இன்னும் அதிகமாக அழுதார். நான் சொன்னதை எனக்கு எதிரிலேயே எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டதைப் பார்த்து, பத்து வயதில் பார்லர் தரையில் நின்றது போலவே நின்றேன்.

அக்காவின் முறை வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. சாயங்காலமும் இல்லாத, மேகமூட்டமும் இல்லாத ஒரு வெளிச்சம். தென்னங்கீற்று இடுக்குகளில் விழுந்த ஒளி முழுவதும் தரையில் வளையல் வளையலாகக் கிடந்தது. அந்தத் தோப்பில் அன்றைக்கு யாரும் ஏற்பாடு செய்யாதது அது ஒன்றுதான். அக்கா உலக்கையை வைத்துக் கையை எடுத்தாள். நின்றது. அவளுடைய தாம்பாளம் சமதளத்தில் இருந்தது.

“நின்னா என்ன அர்த்தம்னு நீ நெனைக்கிற?” அத்தையின் விரல் அவள் மணிக்கட்டில் இருந்தது.

“எனக்குச் சரியாயிருச்சுன்னு.”

“சரியாயிருச்சுன்னா?”

நான் அவள் பக்கம் போனேன். அத்தை காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது.

“மாத்திரைய விட்டுறலாம்னு.”

கைதட்டினார்கள். அத்தை கண்ணை மூடி, நீயே சொல்லிட்ட என்றார். என் அக்கா சிரித்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதை எழுத எனக்கு இப்போதும் சிரமமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் எங்கள் சமையலறையில், தட்டில் தண்ணீர் ஊற்றி, வீட்டு உலக்கையை அக்காவின் கண்ணெதிரே நிறுத்தினேன். நின்றது. கிரகணம் இல்லை, முகாம் இல்லை, புகை இல்லை, பார்த்துக்கொள் என்றேன். அக்கா சுற்றி வந்து பார்த்தாள்.

“கெரகணம் விட்டும் விழாம நிக்குதுல்லடி. அப்ப எனக்கு நெசமாவே தீந்துருச்சு.”

அம்மா உடனே அதற்குக் குங்குமம் வைத்தார். நிரூபிக்க நான் வைத்த உலக்கை பொங்கல் வரைக்கும் அந்த மூலையிலேயே நின்றது.

நான் சும்மா இருந்துவிடவில்லை. பழகிய மாத்திரையைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவரையே போனில் அக்காவிடம் சொல்ல வைத்தேன். பொங்கல் முடிந்து நேரில் வருவதாக அவரிடம் அக்கா சொன்னாள். தினமும் இரவு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்தேன், தினமும் அவள் அதைத் தள்ளி வைத்தாள். இத்தனை வருசமா வரலையே என்பாள். மாத்திரையால்தான் வரவில்லை என்பேன். “அத விடாம எப்பிடிடி தெரியும்?” என்பாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவள் கேட்கும் நிலையில் இல்லை.

ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வந்தார்கள். அக்கா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பையனின் அம்மாவிடம் நேராகவே சொன்னாள். முன்னால் வலிப்பு இருந்தது, இப்போது மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. அந்த அம்மாள் சற்று யோசித்தார். “ஒளிக்காம சொன்னீங்க பாருங்க கண்ணு, அதே போதுமுங்க” என்றார். தாம்பூலம் மாற்றிக்கொள்ள நாள் குறித்தார்கள். அந்த ஒரு வாரம் அக்கா வீட்டுக்குள் பாடிக்கொண்டே திரிந்தாள்.

தாம்பூலத்துக்கு முதல் நாள் விருந்தாளிகளுக்கென்று அக்கா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வத்தலக்குண்டில் ஒரு மருத்துவமனையில் மானிட்டர் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். போன் வந்தது. அக்காவின் இடது கை முழங்கை வரைக்கும் எண்ணெயில் வெந்திருந்தது. விழுந்த இடத்தில் தலையிலும் அடி. ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க என்று சொல்லிப் போனார்கள். பிறகு போன் எடுக்கவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா வார்டில் இருக்கும்போதே நானும் அம்மாவும் தோப்புக்குப் போனோம். நாலு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும் என்று அம்மா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அத்தை எங்களைக் கண்டதும் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். விரல் மணிக்கட்டுக்குப் போயிற்று.

“மதினி, நானா விடச் சொன்னேன்?”

அம்மா, இல்லை என்றார்.

“சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தது யாரு?”

“நாந்தேன்.”

“அப்ப அவ தள்ளி வச்சப்ப யாரு பாத்திருக்கணும்?”

அவர் காத்திருந்தார். என் அம்மாவின் உதடு கோணுவதை நான் பார்த்தேன். “நாந்தேன் மதினி. எம்மேலதேன் தப்பு” என்று அம்மா சொன்னார். கேள்வி கேட்க வந்தவர், இன்னும் செருப்பைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை. அத்தை அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தார். மன்னிக்கிறவரின் முகம் அது.

கையை எடுங்க என்று சொல்லி அம்மாவை இழுத்துக்கொண்டேன். அத்தை கோபப்படவில்லை. என்னிடமும் அதே குரலில் கேட்டார்.

“உனக்கு என்ன தோணுது பாப்பா?”

“வாந்தி வர்றாப்புல இருக்கு.”

அதற்கு மட்டும் அவரிடம் அடுத்த கேள்வி இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கவும் போனேன். எழுதிக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். அந்தம்மா மாத்திரை கொடுத்தாரா, இல்லை. வேர், சூரணம் எதுவும்? இல்லை. காசு கேட்டாரா? இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா? நான் பதில் சொல்வதற்குள் அவர் பேனாவை மூடிவிட்டார். அப்போ யாரும்மா சொன்னது என்றார். என் அக்கா என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடம் நானும் அத்தையின் முகாமில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதைய நிலவரம் இது. அக்கா காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுகிறாள். அதன் பிறகு வலிப்பு வரவில்லை. தோல் வைத்து ஒட்டிய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கணினி மையத்தில் வலது கையால் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டோம், அது அவளே சொன்னது. தோப்பில் இப்போது காங்கிரீட் கட்டடம் எழுந்திருக்கிறது. அமாவாசை, பௌர்ணமிக்கெல்லாம் கார்கள் நிற்கின்றன. நடந்ததற்குக் காரணம் தான்தான் என்று அம்மா சொல்கிறார். தான்தான் என்று அக்கா சொல்கிறாள். அத்தைதான் காரணம் என்று சொல்வது வீட்டில் நான் ஒருத்திதான், அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்காக என்னிடம் வாதாடுவது என் அக்கா.